மாதிரிப் படம்

"மேடம் ரொம்ப அழகா வழி சொன்னாங்க சார். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வந்து தங்கப் போகிற பெங்களூர்க்காரர் போனை வைத்துவிட்டார். வக்கச்சன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி ரோசிலி துருவு பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்ததிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு எழவில்லை. அவளுடைய போன் மழையில் நனைந்து செத்துப்போய், போன வாரமே அரிசி டப்பாவுக்குள் அடக்கமாகிவிட்டது. போதாததற்கு, பெங்களூர்க்காரருக்கு வழி சொல்ல அவளுக்கு ஆங்கிலமும் வராது, இந்தியும் வராது.

"எந்தப் பொம்பள கிட்டயோ கேட்டுட்டு வர்றான், மண்டையில ஒண்ணும் இல்லாதவன்" என்று வக்கச்சன் முணுமுணுத்துவிட்டு அதை மறந்தார். மறந்ததாக நினைத்துக்கொண்டார்.

வக்கச்சனுக்கு இந்த உலகத்தில் மதிக்கத் தகுந்த ஆள் ஒருவர்தான். அவரைத் தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பார். மின்சார வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, பீர்மேட்டு மலைச்சரிவில் இருந்த சொந்த வீட்டின் மேல்மாடிக்குப் பெயின்ட் அடித்து, அதற்கு 'மிஸ்டி பாரடைஸ்' என்று பெயரும் வைத்து, விருந்தினர் விடுதியாக்கினார். கோழிக்கூடும் உடைந்த தண்ணீர்த் தொட்டியும் உள்ள பாரடைஸ். வருகிறவனுக்கு அதெல்லாம் தெரியக் கூடாதென்றால் நல்ல வெப்சைட் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து ஊரான குட்டிக்கானத்தில் அந்தத் தொழில் செய்துகொண்டிருந்தவள் ஸ்மிதா. அவளிடம் போய்க் கூலியைக் கேட்டுவிட்டு வக்கச்சன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இங்க இருக்கிறத இழுத்து அங்க வைக்கிறது, அங்க இருக்கிறத அழிக்கிறது. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு கூலி. எங்க வீட்டு ஆடே செய்யுமே ஸ்மிதா!"

"தாராளமா செய்யட்டும் அச்சாயா, யாரு வேண்டாங்கறா" என்றாள் அவள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்ணே ஒண்ணு. டெம்ப்ளேட்ல அவங்களே போட்டு வச்சிருக்கிற மாதிரிப் படம், மாதிரிப் பேரு, எல்லாத்தையும் மொதல்ல தொடச்சுப் போட்டுடுங்க. கோடிங் தெரியாதவங்க எல்லாரும் அங்கதான் கோட்டை விடறாங்க. அப்புறம் முன்ன பின்ன தெரியாத மூஞ்சி நம்ம வீட்டுல உக்காந்திருக்கும்."

"மலை முழுக்க வெளிச்சம் குடுத்தவனுக்கு இவ பாடம் எடுக்கறா!" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வெப்சைட்டைச் செய்தும் விட்டார். சும்மா கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றில் எல்லாம் ஏற்கனவே கட்டிவைத்த வீடு மாதிரி தயாராகக் கிடைத்தது. பெட்டியைத் தொட்டால் எழுத்து மாறியது, படத்தைத் தொட்டால் படம் மாறியது. தன் வீட்டை மூடுபனியில் எடுத்துப் போட்டார், பக்கத்து எஸ்டேட்டின் தேயிலையைத் தன்னுடையது போல எடுத்துப் போட்டார், யாருடைய அருவியையோ எடுத்துப் போட்டார். கடைசியில் 'உங்களை வரவேற்பவர்' என்று ஒரு கட்டம். அதில் மாதிரிக்கு ஒரு பெண். வெள்ளைச் சட்டை, தோள் வரை முடி, கையில் வெள்ளைக் கப். கதவு நிலையில் சாய்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பார்க்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசிலி அன்றைக்கு மாதா கோயிலுக்குப் போகிற பட்டுப் புடவையைக் கட்டி, பவுடர் போட்டு, வாசற்படியில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு தன்னை ஒரு படம் எடுக்க வேண்டுமென்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வக்கச்சன் படத்தைக் கட்டத்தில் ஏற்றிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கற. இந்த மூஞ்சியப் பாத்தா எவன்டி காசு குடுத்து வருவான்?"

அழித்தார். பழைய படம் பழையபடி வந்து உட்கார்ந்தது. கீழே இருந்த மாதிரிப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு 'ரோசிலி' என்று எழுதினார். அவள் புடவைத் தலைப்பால் பவுடரைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"யாரு இச்சாயா இது?"

"நீதான்."

"நானா?"

"பேரப் படி. என்ன எழுதியிருக்கு? ரோசிலி. அப்ப நீதான்."

அவள் பட்டுப் புடவையை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள். அவள் பேசாதது வக்கச்சனுக்கு எப்போதும் வசதியாகத்தான் இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வக்கச்சனின் கெட்டிக்காரத்தனத்துக்குக் கேட்க வேண்டுமா! முதலில் வந்த கொச்சிக்காரர்கள் "மேடம் எங்கே?" என்றார்கள். "ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கா" என்றார். "அப்ப இவங்க?" என்று புட்டும் கடலையும் எடுத்து வந்த ரோசிலியைக் காட்டினார்கள். "சமையலுக்கு நிக்கிறவ" என்று கூசாமல் சொன்னார். ரோசிலி புட்டை இலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். போன பிறகு அவர்கள் எழுதிய பாராட்டில், இரவெல்லாம் காய்ச்சலில் புரண்ட குழந்தையின் தலைமாட்டில் ரோசிலி மேடம் உட்கார்ந்து விடியும் வரை தடவிக்கொடுத்தார் என்று இருந்தது. அந்த ராத்திரி முழுக்க ரோசிலி முதுகு வலிக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு வக்கச்சன் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். வக்கச்சன் சிரித்தார். இலவசமாகப் பொய் சொல்லிப் புகழ்கிற முட்டாள்கள். விசாரிக்கிறவர்களுக்கு வெப்சைட்டில் 'ரோசிலி' என்ற பெயரில் பதில் போய்க்கொண்டிருந்ததையும் அவர் இப்படித்தான் தள்ளிவிட்டார். அது மெஷின் பேசுகிறது, டெம்ப்ளேட்டோடு சும்மா வந்த மெஷின்.

ஆனால் மெஷினுக்குக் குரல் ஏது? போனில் பேசிய பெங்களூர்க்காரரின் வார்த்தை நகச்சதையில் ஏறிய முள்ளாக உறுத்தியது. வக்கச்சன் வராந்தாவுக்கு வந்தார். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சாயங்காலம் ஆவதற்கு இன்னும் நேரம் கிடந்தும், பனி எஸ்டேட்டை விழுங்கி, கோழிக்கூட்டை விழுங்கி, வாசற்படி வரை வந்து நின்றது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஈர மண்ணும் கோழி எச்சமும் எப்போதும் நாறுகிற அந்த இடத்தில் இப்போது புதிதாக அரைத்த காப்பிப் பொடியின் மணம் கெட்டியாக நின்றது. அந்த வீட்டில் பால் விடாத கட்டன் சாயாதான். காப்பி வாங்கியே பல வருஷம் ஆகியிருந்தது.

கைப்பிடிச் சுவரில் ஒரு வெள்ளைக் கப் இருந்தது. அதில் ஆவி பறந்தது. தொட்டார். சுட்டது.

"ஏடீ ரோசிலி, யாருடி இந்தக் கப்ப இங்க வச்சது?"

"எந்தக் கப்?" என்றாள் அவள் உள்ளிருந்து. துருவுவதை நிறுத்தாமலே, "இச்சாயா" என்றாள். "ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"சொல்லித் தொலை."

"ஞாயித்துக்கிழமை பூசையில குர்பானை அப்பம் வாங்க நின்னேன்ல? பூசை வைக்கிற அச்சன் எனக்கு இந்தப் பக்கம் நின்ன சாரம்மைக்குக் குடுத்தாரு. அந்தப் பக்கம் நின்ன குஞ்ஞேலிக்குக் குடுத்தாரு. நான் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறேன், என்னைத் தாண்டிப் போயிட்டாரு. ரேஷன் கடையிலயும் அப்படித்தான். கார்டை நீட்டிக்கிட்டே நிக்கறேன், எனக்குப் பின்னால நிக்கறவங்களக் கூப்பிடறான். யாருக்குமே என்னத் தெரியலயோன்னு இருக்கு."

"உன் மூஞ்சி அந்த லட்சணத்துல இருந்தா அச்சன் என்ன பண்ணுவாரு!" என்று வக்கச்சன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுக்களை வாசலுக்குப் போய் அவளைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்திருந்தது. அது பனியாகத்தான் இருக்க வேண்டும். அவளுடைய தோளுக்குப் பின்னால் இருந்த விறகு அடுப்பு, அவள் தோள் வழியாகவே மங்கலாகத் தெரிந்தது.

வக்கச்சன் திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதானே, ஆடு கூடச் செய்யுமே. கட்டத்தைத் தொட்டு அழித்தார். போனது. மறுபடி வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தாள், அதே சாய்வு, அதே பல். பெயரை அழித்தார். பெயர் அழியவே இல்லை. சரி, ரோசிலியின் படத்தையே ஏற்றிவிடலாம் என்று அன்றைக்கு எடுத்ததைத் தேடிப் பிடித்துத் திறந்தார்.

வாசற்படி இருந்தது. படியில் மழை ஈரம் இருந்தது. ஓரத்தில் செருப்பு இருந்தது. படியில் யாரும் நிற்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜீனாவைக் கூப்பிட்டார். அவளாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"மோளே, நம்ம வெப்சைட்டப் பாத்தியா? அதுல ஒரு படம் இருக்கு..."

"பாத்தேன் அப்பச்சா! அம்மா எவ்வளவு அழகா இருக்கா! என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் காட்டினேன்."

"அது அம்மா இல்லடி. அது சும்மா... அதோட வந்த படம்."

"அப்பச்சன் பட்டப்பகல்லயே ஊத்திக்கிச்சா என்ன? எங்க அம்மாவ எனக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பு போதுமே. நான் அம்மாவோட பேசறேன், போனக் குடு."

"நல்லா நெனச்சுப் பாரு. அம்மா முடி நரைச்சு, கொண்டை போட்டு, இடது புருவத்துல ஒரு தழும்பு..."

"யாரச் சொல்ற அப்பச்சா?" என்றாள் ஜீனா. அவள் விளையாடவில்லை. "யாரு அது?"

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

பாதி இழுப்பில் நின்றது.

வக்கச்சன் போனைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி துருவிய தேங்காய். கிண்ணத்தில் வெள்ளைத் தேங்காய்ப்பூ. பலகை இன்னும் சூடாக இருந்தது. ஆள் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

"ரோசிலீ!"

அப்படி ஒரு குரலில் அவர் அந்தப் பெயரைக் கூப்பிட்டதே இல்லை. அவள் இல்லாமல் தன்னால் ஒரு நாளும் முடியாது என்று அந்த மனுஷனுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இவ்வளவு வருஷம் எங்கே போயிருந்தது அந்த அறிவு!

"ரோசிலீ... எடீ... அம்மே..."

"இங்கதான் இருக்கேன் இச்சாயா."

ரோசிலியின் குரல். வாசல் பக்கமிருந்து.

கூடத்தைத் தாண்டி வந்தார். காப்பி மணம் மூக்கை அடைத்தது. வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம். பெங்களூர்க்காரர்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள், புருஷனும் பெண்சாதியும், பெட்டிகளோடு.

"போட்டோவுல பாத்த மாதிரியே இருக்கீங்க மேடம்!"

கதவு நிலையில் அவள் சாய்ந்து நின்றாள். வெள்ளைச் சட்டை. தோள் வரை முடி. முகம் வெளியே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே நின்ற வக்கச்சனையும் பார்த்துச் சிரித்தது. அவர் இடது பக்கம் நகர்ந்தார். முகம் திரும்பவில்லை. ஆனாலும் அவரையே பார்த்தது. வலது பக்கம் நகர்ந்தார். அதே முகம். பக்கவாட்டு இல்லை. பின்பக்கம் இல்லை.

"ரோசிலி எங்கடி?" என்று கேட்டார்.

அவள் கப்பை அவரிடம் நீட்டினாள்.

கை.

வெள்ளைச் சட்டைக் கையின் முடிவில் இருந்தது ரோசிலியின் கை. கட்டைவிரலில் வெடிப்பு. நகக்கண்ணில் தேங்காய்த் துருவல். கழற்ற முடியாமல் சதைக்குள் புதைந்துபோன கல்யாண மோதிரம்.

கப் விழுந்து உடைந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்தக் கை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிப்பது போல. நடுங்கியது. இறுக்கியது. நகம் சதையில் இறங்கியது. இழுத்தது, இழுத்தது.

மேலே அந்த முகம், கண் இமைக்காமல், பல் தெரிய, விருந்தாளிகளை உள்ளே வரச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தது.