விமானத்துக்கு ஒரு வெறுந்தோல்

"இந்தக் கையால கொடுக்கறதை நான் சாப்பிட மாட்டேன்" என்று பன்னிரண்டாம் வரிசை வசுமதி அம்மாள் சொன்னபோது, விமானம் சென்னையை விட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கையில் அழுக்கில்லை, புண்ணில்லை. நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் கை. விரல் மடிப்புகளில் லேசான வறட்சி, புறங்கையில் எப்போதோ இட்லிக் கொப்பரை சுட்ட தழும்பு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையில் படலம் இல்லை. ஒரு கைக்குழந்தை நீங்கலாக விமானத்தில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகளும் மெழுகு பூசிய ஆப்பிள் மாதிரி மினுங்கிக்கொண்டிருக்க, பணிப்பெண் செண்பகவல்லி மட்டும் வெறுந்தோலோடு தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லாக் கழுவின கைதாம்மா. வேண்டாம்னா விடுங்க, எனக்கு ஒரு சாப்பாடு மிச்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

படலம் பதினோரு ஆண்டுகளுக்கு முன் விமானப் பயணத்துக்கென்றுதான் வந்தது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்று பாலைவனக் காற்றைவிட வறண்டது. ஏழெட்டு மணி நேரத்தில் உதடு வெடிக்கும், கண் உறுத்தும், முகம் இழுத்துப் பிடிக்கும். ஜன்னல் வழியே வரும் வெயிலும் சாதாரண வெயில் அல்ல. இதற்கெல்லாம் தீர்வாக ஓர் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்ததுதான் மென்தோல் படலம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டாக்கும் மெல்லிய துணி அது. விமானத்தில் ஏறும் வழியில் உள்ள தெளிவாசலில் கைகளை விரித்து நான்கு நொடி நின்றால் முகம், கழுத்து, கை எல்லாம் மூடிவிடும். தோலில் ஊறும் எண்ணெயைத் தின்று அது வாழும். பதிலுக்கு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கும். ஆயுள் இருபது மணி நேரம். இறங்கும் ஊரில் கழற்றுவாசலுக்குள் நுழைந்தால் ஒரு திரவம் பட்டுக் கரைந்து போகும்.

அது விமானத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. விமானத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தது, அங்கிருந்து கல்யாண மண்டபத்துக்கு, கடைசியில் வீட்டுக் குளியலறைக்கு. பல் தேய்க்க மறந்தவர்கள்கூட படலம் பூச மறப்பதில்லை. படலமில்லாதவர்களுக்கு ஊர் ஒரு பெயரும் வைத்தது: வெறுந்தோலர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எல்லோரும் ஒரு மாதிரி மூக்கைச் சுளித்துக்கொள்வார்கள்.

செண்பகவல்லிக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது. ஏன் பூசுவதில்லை என்று கேட்டால், "என்னைக் கேக்காம என் மேல எதுவும் குடியிருக்கக் கூடாது" என்பாள். கோவில்பட்டிக்காரி. இருபத்தொரு வருடமாகப் பறக்கிறாள். தோலைப் பார்த்துக்கொள்ள அவளிடம் ஒரு முறை உண்டு. பறக்கும் நாளில் முகத்துக்குச் சோப்புப் போடமாட்டாள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நல்லெண்ணெயை அளவாகத் தேய்த்துத் துடைத்துவிடுவாள். வானத்தில் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர், காபி கிடையாது. வெயில் வரும் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவாள். சக ஊழியர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இப்போது சிரிப்பு தாண்டி உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் படலம் இல்லாத பணியாளர் எவரும் விமானத்தில் ஏறக்கூடாது. கீழே மேலாளர் ஞானதுரையின் கையெழுத்து. தலைமைப் பணியாளர் பெனாசிர் அதை அவளிடம் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. பெனாசிர் வயதில் பத்து வருடம் இளையவள், பதவியில் இரண்டு படி மேலே.

"ஒரு நாலு செகண்ட் நின்னுட்டு வாங்களேன்க்கா. எனக்காக" என்று சமையல் தடுப்புக்குள் வந்து மறுபடியும் கெஞ்சினாள்.

"உனக்காக வேற என்ன வேணும்னாலும் செய்யுதேன். இது மட்டும் கேக்காத."

"அப்போ இதுதான் உங்க கடைசிப் பயணம்."

"இருக்கட்டும்" என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டாளே ஒழிய, பறப்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் பிடித்ததில்லை.

சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது வடக்கே ஓர் எரிமலை சாம்பலைக் கக்கியது. விமானம் திசை மாறி, பனி மூடிய ஒரு சின்ன ஓடுபாதையில் இறங்கியது. வெளியே உறைகுளிர். கட்டடம் என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகை. சாம்பல் விலகும்வரை கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் நான்கு மணி நேரம் எல்லோரும் படம் பார்த்தார்கள். அதன் பிறகுதான் பெனாசிர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, படலம் போட்டு இருபது மணி நேரம் ஆகப்போகுது."

இருபது மணி நேரத்துக்குப் பிறகு படலம் என்ன ஆகும் என்று யாரும் அதுவரை பார்த்ததில்லை. அதற்குமுன் எப்போதும் ஏதாவது ஒரு கழற்றுவாசல் வந்துவிடும். இப்போது பார்த்தார்கள். படலம் செத்தது. செத்ததும் காய்ந்து சுருங்க ஆரம்பித்தது. முதலில் முகம் இழுக்கிறது என்றார்கள். பிறகு விரல் மடங்கவில்லை. பிறகு உதடு பிரியவில்லை. கடைசியில் கண் மூடவில்லை. முந்நூறு பேர் இமைக்க முடியாமல், வறண்ட காற்றில் கண் காய உட்கார்ந்திருந்தார்கள்.

தன் உதடு முழுதாக இறுகுவதற்குள் விமானி தரையிலிருந்த ஒரு மருத்துவரை வானொலியில் பிடித்திருந்தார். எண்ணெய் பட்டால் படலம் நெகிழும், மெதுவாகத் தேய்த்தால் உரிந்துவிடும் என்றார் அவர். ஒரு மணி நேரத்துக்குள் இமைகளை மூடவைக்காவிட்டால் பலருக்குப் பார்வை போகலாம் என்றும் சொன்னார்.

பெனாசிர் ஒரு நெய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் குச்சிபோல நீட்டிக்கொண்டு நின்றன. பொட்டலம் கீழே விழுந்தது. விமானத்தில் மடங்குகிற விரல்கள் இரண்டே பேருக்கு இருந்தன. ஒன்று செண்பகவல்லி. இன்னொன்று முப்பதாம் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தை. இரண்டு வயதுவரை குழந்தைகளுக்குப் படலம் பூசுவதில்லை.

சாப்பாட்டோடு கொடுக்கும் நெய்ப் பொட்டலங்கள் அறுநூறு இருந்தன. வெண்ணெய்க் கட்டிகள் இருந்தன. அவளுடைய பையில் நூறு மில்லி நல்லெண்ணெய்; அதற்கு மேல் கொண்டுவர விதி இடம் கொடுக்காது. நல்லெண்ணெயை இமைகளுக்கென்று ஒதுக்கினாள். ஓர் ஆளுக்கு இரண்டு துளி. முதலில் எல்லோருடைய இமைகளும். அதன் பிறகு உதடு, பிறகு விரல்.

மற்ற பணியாளர்களை முதலில் உரித்துவிட்டால் உதவிக்கு வருவார்கள் என்று நினைத்தாள். பெனாசிரின் கையை உரித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. அடியில் இருந்த தோல் வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெலிந்து சிவந்திருந்தது. இரண்டு பேருக்குத் தேய்ப்பதற்குள் வெடித்து ரத்தம் வந்தது.

"நீ உக்காரு தாயி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

பன்னிரண்டாம் வரிசைக்கு வந்தபோது வசுமதி அம்மாளால் பேச முடியவில்லை. விரித்த கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் செண்பகவல்லி எண்ணெயைத் தொட்டாள். அப்படிக் கேட்டது தப்பு என்று இன்றுவரை அவள் நினைக்கவில்லை.

இமைகளை ஐம்பது நிமிடத்தில் முடித்தாள். மற்றதற்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது அவளுடைய விரல்கள் வீங்கியிருந்தன, விமானம் முழுக்கத் திருமண வீட்டுச் சமையல்கட்டுபோல நெய் மணத்தது. யாருக்கும் பார்வை போகவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர்கள் விளக்கினார்கள். படலம் எண்ணெயைத் தின்னத் தின்ன, தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் மயங்கிவிடுகின்றன. ஒரு தடவை பூசினாலே ஒரு வாரம் மயக்கம். வருடக்கணக்கில் பூசியவர்களுக்கு அவை மறுபடி விழிக்க நாற்பது நாள் ஆகும். அந்த நாற்பது நாளும் அரிக்கும், எரியும், வெடிக்கும். பயணிகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் நேராக வாசலில் இருந்த தெளிவாசலில் வரிசையாகப் போய் நின்றார்கள். வசுமதி அம்மாளும்தான். மனிதர்களுக்கு எரிச்சலைப் பொறுப்பதைவிட ஆபத்தை மறப்பது சுலபம்.

செண்பகவல்லி சென்னைக்குத் திரும்பினாள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். ஒன்றாம் தேதி வந்தது. படலம் இல்லை என்று அவளை வீட்டில் உட்கார வைத்தார்கள். விதி விதிதானாம்.

மூன்றாவது வாரம் வான்பயண ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. இனி ஒவ்வொரு நெடும்பயண விமானத்திலும் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யும் வெறுந்தோலர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானம் கிளம்பக் கூடாது. உத்தரவு அமலுக்கு வந்த அன்று காலை ஞானதுரையே காரை அனுப்பி அவளை வரவழைத்தார். அறையில் அவரோடு சேர்த்து ஆறு அதிகாரிகள் இருந்தார்கள். ஆறு முகமும் பளபளத்தன.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா" என்று ஒப்பந்தத்தை நீட்டினார் ஞானதுரை. "சம்பளம் மூணு மடங்கு. மூணு மணி விமானத்துல இன்னைக்கே போகலாம்."

அவள் முழுவதையும் படித்தாள். அவளுடைய பெயர் ஓர் இடத்தில்தான் இருந்தது. மற்ற இடங்களில் 'அவசர உபகரணம் எண் ஏழு' என்று இருந்தது. எண் ஆறு, உயிர்காப்பு அங்கி. உபகரணம் வெயிலில் போகக் கூடாது. அடுப்பில் சமைக்கக் கூடாது. நிறுவனம் தராத எண்ணெயைத் தொடக் கூடாது. விடுமுறை நாளிலும் இதே நிபந்தனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலைச் சுரண்டிச் சோதிப்பார்கள். காதுக்குப் பின்னால் சோதனைத் தேதியைக் குத்துவார்கள்.

"இது என்ன சார்?"

"உங்களுக்கு இதுல என்னம்மா கஷ்டம்? படலம் வேண்டாம்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நான் அதைக் கேக்கல. என் தோலை என் போக்குல விடுங்கன்னு கேட்டேன்."

"சட்டம் கேக்குது, நாங்க என்ன பண்றது?"

"கையெழுத்துப் போடலைன்னா?"

"அப்ப நீங்க உபகரணம் இல்லை, பணியாளர். பணியாளருக்குப் பழைய விதிதான். படலம் இல்லாம விமானத்துல ஏற முடியாது." ஞானதுரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு வேறு வழியில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

செண்பகவல்லி எழுந்தாள். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அறைக்கு வெளியே, பணியாளர் தாழ்வாரத்தில் இருந்த தெளிவாசலை நோக்கி நடந்தாள். அங்கே சீருடையில் நின்றிருந்த பெனாசிர், "அக்கா, வேண்டாம்க்கா!" என்று ஓடி வருவதற்குள் உள்ளே போய்க் கைகளை விரித்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

குளிர்ச்சியாக இருந்தது. சுகமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"விதிப்படி தயார் சார்" என்று திரும்பி வந்து நின்றாள். "மூணு மணி விமானத்துல மத்தவங்க மாதிரி நானும் போறேன். கையெழுத்து எதுவும் வேண்டாம்லா?"

ஞானதுரை எழுந்து நின்றார். "என்னம்மா காரியம் பண்ணினீங்க? உடனே கழற்றுங்க!"

"கழற்றினாலும் ஒரு வாரத்துக்கு நான் வெறுந்தோல் கிடையாது. டாக்டர் சொன்னாருல்லா? கழற்றினா உங்க விதிக்கு ஆகாது. போட்டிருந்தா ஆணையத்துக்கு ஆகாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

அறையில் இருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கைகளும் மினுங்கின. கீழே முந்நூறு பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பயணிகள் பட்டியலில் பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது, உத்தரவில் வயது எதுவும் குறிப்பிடவில்லையே என்று ஓர் அதிகாரி நிஜமாகவே கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தும் பார்த்தார்.

செண்பகவல்லியின் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பெனாசிர் உள்ளே வந்தாள். "சார், நான் இப்பவே கழற்றுவாசலுக்குப் போறேன். நாற்பது நாள்ல எனக்குத் தோல் வந்துடும். ஆனா நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாற்பது நாளா? அதுவரைக்கும் விமானத்தை எப்படி ஓட்டறது?" ஞானதுரை குரலை உயர்த்தினார், ஆனால் மினுமினுத்த அந்த முகத்தில் கோபம் சரியாக வரவில்லை. "இந்த ஊர்ல சொந்தத் தோலோட ஓர் ஆள்கூடவா இல்லை?"

"இருந்தாங்க சார். ஏத்த மாட்டோம்னு சொன்னீங்க." செண்பகவல்லி கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கதவுவரை போனவள் நின்று, விமானத்தில் பயணிகளிடம் பேசுகிற அதே கனிவான குரலில் ஆறு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்: "நீங்களும் இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க. முதல் பத்து நாள் ரொம்ப எரியும். தண்ணி நிறையக் குடிங்க. மூஞ்சிக்குச் சோப்பு மட்டும் போட்டுறாதீங்க."

கீழே மூன்று மணி விமானம் ரத்து என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.