பதினெட்டு அடி

நான்கு மாதமாக ஞானஜோதி வாசலைத் தாண்டவில்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும்போது சறுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்குக் கால்கள் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நாலு பேர் கம்பளியில் கிடத்திப் படியிறக்குவார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அப்போதெல்லாம் மகள் நிமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"மூட்டை மாதிரி தூக்குறாங்கடி. ஒருதடவையாவது நானே வெளிய போகணும்," என்பாள் அம்மா.

அப்பா சிலுவைராஜ் மூன்று நாள் லீவு போட்டு, அம்மாவின் சக்கர நாற்காலி இறங்க வாசலிலிருந்து நேராக ஒரு சிமெண்ட் சரிவு கட்டினார்.

"ரொம்ப ஏத்தமா இருக்கேப்பா," என்றாள் நிமி.

"இதெல்லாம் ஒரு ஏத்தமா? தலையில கொழுந்து மூட்டையோட நாம ஏறாத ஏத்தமா?"

மலையிலேயே பிறந்து மலையிலேயே நடக்கிறவர்களுக்கு எந்தச் சரிவும் சமதரைதான். சக்கரத்துக்கு அப்படியில்லை. அம்மா இறங்கிய வேகத்தில் சக்கர நாற்காலி எதிரே இருந்த சாக்கடையில் முட்டிச் சாய்ந்தது. அம்மாவின் முழங்கை சிராய்த்துவிட்டது. அப்பா ஓடிப்போய் நாற்காலியை நிமிர்த்தினார்.

"என்னை விட்டுருங்க. இனி உள்ளயே கெடந்துக்கிறேன்."

அம்மா அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வறண்ட குரல்தான் நிமியைப் பயமுறுத்தியது.

மறுநாள் நிமியே நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தாள். நாற்காலி பின்னால் உருண்டது. பிறகு மூன்றடிப் பலகை ஒன்றை ஒரு செங்கல்மேல் சாய்த்தாள். அதில் சுலபமாக ஏற முடிந்தது. செங்கல் மூன்று அங்குலம். வாசலோ ஒன்றரை அடி உயரம். ஓர் அங்குலத்துக்கு ஓரடி என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பதினெட்டு அடி நீளம் வேண்டும்!

முன்னால் அவ்வளவு இடமில்லை. சுவரோரமாகத் திருப்பினால் உண்டு. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். சரிவு பக்கத்து வீட்டுப் பெரியமுத்து மாமாவின் ஜன்னலுக்குக் கீழே போக வேண்டும். அங்கே மழைக்காலத்துக்காக அவர் அடுக்கிய விறகு இருந்தது. அதில் ஒரு சுள்ளியைத் தொட்டாலும் சண்டைக்கு வருவார்.

"வெறகை எடுக்க மாட்டேன். உங்கப்பன் கட்டுனதுக்கு என்ன கொறச்சல்? அதுல ஏறச் சொல்லு," என்றார்.

"நீங்க ஏறிக் காட்டுங்க மாமா."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளினார். முக்கினார். பின்னால் நின்ற அப்பா பிடித்திராவிட்டால் நேரே சாக்கடைதான். லயமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. தன் கைகளையே பார்த்தபடி இருந்தார்.

"இதுலயா தங்கச்சியை ஏறச் சொன்னேன்," என்றார்.

அன்று சாயங்காலமே விறகைத் தன் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். "பூரான் வந்தா உன்னத்தான் கூப்பிடுவேன்," என்று நிமியை முறைத்தார்.

பழைய சரிவை உடைத்து, புதியதைக் கட்டி, அது காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒருவழியாகத் தூறல் குறைந்த ஒரு நாள் அம்மா சக்கரத்தில் கை வைத்தாள்.

"யாரும் பின்னால வராதீங்க."

மெதுவாக, மிக மெதுவாக இறங்கினாள். கீழே போய் நின்றாள். அதற்கப்பால் ரோட்டுக்கு நாற்பது படி. அங்கே போக இன்னும் வழியில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எப்ப உள்ள வருவ?" வாசலில் நின்று கேட்டாள் நிமி.

அம்மா திரும்பவில்லை.

"எனக்குத் தோணும்போது வருவேன்டி."