கூண்டுக்கு வெளியே ஒரு சக்கரம்

டமால்!

விமானப் பட்டறையின் தகரக் கூரையே அதிர்ந்தது. டயர் பிரிவில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அவள் மட்டும் உள்ளே ஓடினாள்.

விமானச் சக்கரம் ஒன்று பிளந்து கிடந்தது. அதன் பக்கத்தில்... அவள் தம்பி!

உயிர் இல்லை.

மறுநாள் காலை. அதே இடம். இன்ஸ்பெக்டர் முன்னால் பட்டறை மேனேஜர் உச்சுக் கொட்டினார்.

"அஜாக்கிரதை சார்! இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுத்தான் காத்தடிக்கணும். இவன் வெளிய வச்சு அடிச்சிருக்கான். வெடிச்சிடுச்சு."

"பொய்!"

கத்தியது அவள்தான். பட்டறையில் அவளுக்குக் கூண்டக்கா என்று பெயர். மேனேஜரே வந்து நின்றாலும் கூண்டுக்கு வெளியே ஒரு டயருக்குக் காற்றடிக்க விடமாட்டாள். இரவெல்லாம் அழுத கண்கள். குரலில் மட்டும் நடுக்கம் இல்லை.

"அவனுக்கு வேலை கத்துக் குடுத்ததே நான். கூண்டுலதான் அடிச்சிருப்பான். முடிச்சு வெளிய உருட்டும்போது வெடிச்சிருக்கு. அளவுக்கு மேல காத்து ஏறியிருக்கு சார்!"

"எப்படிம்மா ஏறும்?" மேனேஜர் சீறினார். "ரெகுலேட்டரை நானே முந்தின நாள் செக் பண்ணேன். முள்ளு துல்லியமா காட்டுச்சு!"

சிலிண்டரில் இருக்கும் நைட்ரஜன் முரட்டு அழுத்தம் கொண்டது. அதை அடக்கி, எவ்வளவு என்று முள்ளில் காட்டி டயருக்கு அனுப்புவது அந்த ரெகுலேட்டர்தான்.

"செத்தவன் தலையில பழியைப் போடாதீங்க."

"உனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

"வேணாம்! என் தம்பி பேரு கெடக்கூடாது. அது போதும்!"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"ரெகுலேட்டர் நல்லா இருக்குன்னு சொல்றீங்கல்ல? அப்ப அதுலயே ஒரு டயருக்குக் காத்தடிச்சுப் பாத்துடுவோம்."

மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

அவள் ஒரு சக்கரத்தைக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டினாள். நீளக் குழாயை மாட்டினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். சக்கரத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. வெடித்தால் அங்கேதான் பாயும்.

சிலிண்டரை மெதுவாகத் திறந்தாள்.

முள் ஏறியது... நூறு... நூற்றைம்பது... இருநூறு!

அந்தச் சக்கரத்துக்கு அதுதான் அளவு. மூடினாள். குழாயைக் கழற்றினாள். கூண்டைத் திறந்தாள்.

அப்புறம்... சக்கரத்தை நேராக மேனேஜரை நோக்கி உருட்டினாள்!

"பிடிங்க சார்!"

"ஏய்... நில்லு! கிட்ட கொண்டு வராதே!"

"ஏன் சார்? சரியா இருநூறுதானே ஏத்தியிருக்கேன்?"

"அந்த முள்ளு பாதிதான் காட்டும்! உள்ள நானூறு இருக்குடி! வெடிச்சிடும்!"

அலறியபடி வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை மடக்கிப் பிடித்தார்கள்.

"பாதிதான் காட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" இன்ஸ்பெக்டரின் குரல் குளிர்ந்திருந்தது. "துல்லியமா காட்டுச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மேனேஜரின் கண்கள் வாசலைத் தேடின.

"இவரு விரிசல் விழுந்த சக்கரத்துக்கு பெயின்ட் அடிச்சு விமானத்துக்கு அனுப்பினாரு சார்," என்றாள் அவள். "தம்பி கண்டுபிடிச்சிட்டான். மேலிடத்துல சொல்லப் போறேன்னு இவர்கிட்டயே சொல்லிட்டான், வெகுளி!"

அப்போதுதான் அவள் கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

"மொதல்ல அந்தச் சக்கரத்தைத் தூரக் கொண்டு போங்க!" மேனேஜர் கான்ஸ்டபிள்களுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நீங்க கைவச்ச ரெகுலேட்டர் நேத்தே எங்க ஜீப்புக்குப் போயிடுச்சு. முள்ளைக் கெடுத்தது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு. இப்ப மாட்டியிருக்கிறது புத்தம் புதுசு!"

மேனேஜர் அவளை எரிப்பதுபோல் பார்த்தார்.

"நாடகமா போட்டே?"

"நாடகம் எங்க சார் போட்டேன்?" அவள் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "விதிப்படி காத்தடிச்சேன். நீங்க பாத்ததே இல்லல்ல... அதான் பயந்துட்டீங்க!"