பப்படத்தை யார் அவிழ்ப்பது?

நாவலை எழுதியவர் நதீஷா சித்தி. ஆனால் அன்று பதற்றம் என்னவோ அட்சயாவுக்குத்தான்.

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் வாசகர் சந்திப்பு. எல்லோருடைய சப்பாத்திலிருந்தும் உருகிய பனி, நிலத்தில் குட்டிக் குட்டிக் குளமாகக் கிடந்தது. மேசையில் வடையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் இருந்தன. நம்மவர் கூட்டம் வடை இல்லாமல் நடக்குமா?

சித்தியின் நாவலுக்குப் பெயர் 'பன்னிரண்டாம் மாடியில் யார்?'. அதில் லவன் என்று ஒரு துப்பறிவாளர். முதல் பக்கத்திலேயே ஓடத் தொடங்குவார். காரைத் துரத்துவார், மாடிப்படியில் பாய்வார், ரயிலில் தொங்குவார்.

அட்சயாவும் அதை வாசித்திருந்தாள். ஆனால் அவள் தமிழ் வாசிப்பது நத்தை வேகத்தில். வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டும்போது அவள் மூன்றாவது வரியில் நிற்பாள். இந்த நாவலை முடிக்க அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. நேற்றுப் பின்னேரம்தான் முடித்தாள்.

முடித்ததிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. அந்தக் கவலையின் பெயர் பப்படம்.

பப்படம் ஒரு பழுப்பு நிற நாய். மூன்றாம் அத்தியாயத்தில் லவன் அதைக் கூட்டிக்கொண்டு பார்க்டேல் தெருவொன்றில் நடந்துபோகிறார். திடீரென்று கள்ளன் எதிரே வருகிறான். லவன் அவசரமாக ஒரு கோப்பிக்கடை வாசலில், ஒரு கம்பத்தில் நாயைக் கட்டுகிறார். "இங்கேயே இரு. இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்.

அவர் திரும்பி வரவே இல்லை. நாலாம் அத்தியாயத்திலும் வரவில்லை, பத்தாம் அத்தியாயத்திலும் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் கள்ளன் பிடிபடுகிறான், எல்லோரும் கை தட்டுகிறார்கள். பப்படம் எங்கே? அட்சயா பின்னட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

கதையில் அது தை மாதம். ரொறொன்ரோவின் தை மாதம்.

"பேச்சு பாடமோ?" என்று அம்மா அவள் காதுக்குள் கேட்டார்.

கூட்டத்தில் 'இளம் வாசகர் உரை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதை அட்சயா பேச வேண்டும். வழக்கம்போல அம்மாதான் எழுதிக் கொடுத்தார். மேடைப் பேச்சை அம்மாமார் எழுதுவதும் பிள்ளைகள் பாடமாக்குவதும் அவர்கள் ஊர்க்கூட்டங்களில் காலங்காலமாக நடப்பதுதான்.

"பாடம்தான். அம்மா, நீங்கள் புத்தகத்தை வாசிச்சிட்டியளோ?"

"எனக்கு எங்கை நேரம்? என்ரை தங்கச்சி எழுதினது. நல்லாத்தானே இருக்கும்."

அப்போது சித்தி வந்து சேர்ந்தார். பனிக்குள் மிசிசாகாவிலிருந்து கார் ஓட்டி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குளிர் அங்கியைக் கழற்றியபடி அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"அக்கா, ரெண்டாவது நாவலைத் தொடங்குவமோ எண்டு யோசிக்கிறன். இண்டைக்கு ஆக்கள் என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம். பிடிக்கேல்லை எண்டா இதோடை விட்டிடுவன்."

அட்சயாவுக்குத் திக்கென்றது. சித்தி எழுதுவதை விட்டுவிட்டால், பப்படம் என்றென்றைக்கும் அந்தக் கம்பத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கூட்டம் தொடங்கியது. முதலில், கூட்டத்தை நடத்தும் மகேஸ்வரன் அங்கிள் எழுந்தார்.

"நான் பஸ்ஸிலை வாசிச்சுக்கொண்டு வந்தனான். இறங்கவேண்டிய இடம் போய், அடுத்த இடமும் போய், கடைசியிலை டிரைவர் வந்து தோளிலை தட்டினவர். தமிழிலை இப்பிடி ஒரு ஓட்டத்தை நான் காணேல்லை."

சித்தியின் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்ததாகத் தவமலர் அன்ரி எழுந்தார்.

"எனக்கு அந்த ஓட்டம்தான் பிரச்சினை. உவன் லவன் முதல் பக்கத்திலை வெளிக்கிட்டவன். கடைசி வரைக்கும் ஒரு வாய் சோறு தின்னேல்லை, ஒரு கண் நித்திரை கொள்ளேல்லை. வாசிச்சு முடிய எனக்குத்தான் களைச்சுப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

கல்லூரியில் படிக்கும் றொய்சன் அண்ணா, "துரத்திற கட்டமெல்லாம் சூப்பர்" என்றான். "ஆனா கள்ளன் ஆர் எண்டு எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சிட்டுது."

பிறகு புனிதவதி ரீச்சர் பேசினார். சனிக்கிழமை வகுப்பில் அட்சயாவுக்குத் தமிழ் படிப்பிப்பவர் அவர்தான்.

"நதீஷா, கோவிக்கக் கூடாது. நானும் ஒரே மூச்சிலை வாசிச்சு முடிச்சனான். ஆனா புத்தகத்தை மூடினாப் பிறகு ஒருத்தரும் மனசிலை நிக்கேல்லை. ஆரையாவது நினைச்சுக் கவலைப்பட எனக்கு நேரம் கிடைக்கேல்லை."

சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கருத்துகளைக் குறிப்பதற்காகக் கையில் ஒரு பேனா வைத்திருந்தார். அதை மெல்ல மூடிக் கைப்பைக்குள் போட்டார். அதைக் கண்டவள் அட்சயா ஒருத்திதான்.

"அடுத்ததாக, எங்கள் இளம் வாசகர்" என்றார் மகேஸ்வரன் அங்கிள்.

அட்சயா தாளோடு எழுந்து நின்றாள். "அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம். மின்னலெனப் பாயும் இந்த நாவலிலே..."

அதோடு நின்றுவிட்டாள். அம்மா அடுத்த வரியை வாயசைத்துக் காட்டினார். அட்சயா பார்க்கவில்லை. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு கம்பம் இடுப்பளவு பனிக்குள் நின்றது.

இந்தப் புகழ்ச்சிப் பேச்சைப் பேசினால் சித்தி நம்பமாட்டார். நாயைப் பற்றிச் சொன்னால் சித்திக்கு இன்னும் நோகலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் பப்படத்துக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் தாளைத் தான் இருந்த கதிரையில் வைத்தாள்.

"நான் தமிழ் மெதுவாத்தான் வாசிப்பன். ரீச்சருக்குத் தெரியும்."

ரீச்சர் கொஞ்சம் வேகமாகவே தலையாட்டினார்.

"அதாலை எனக்கு இந்தப் புத்தகம் வேகமா இல்லை. மூண்டாம் அத்தியாயத்திலை லவன், பப்படத்தைக் கோப்பிக்கடை வாசல்லை கட்டினவர். வாறன் எண்டு சொன்னவர். பிறகு வரவே இல்லை."

"எந்தப் பப்படம்?" என்று கேட்டார் மகேஸ்வரன் அங்கிள்.

"நாய், அங்கிள்."

அறை முழுவதும் தாள்கள் சரசரத்தன. எல்லோரும் மூன்றாம் அத்தியாயத்தைத் தேடினார்கள்.

"இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு ஒவ்வொரு பக்கமாப் பாத்தனான். கள்ளனைப் பிடிச்சாப் பிறகாவது வருவார் எண்டு நினைச்சன்." அவள் மறுபடி யன்னல் பக்கம் பார்த்தாள். "அது லவன் போன பக்கமே பாத்துக்கொண்டு நிக்கும். அதுக்கு ஒரு காது நிமிர்ந்தும் மற்றக் காது மடிஞ்சும் இருக்கும் எண்டு சித்தி எழுதியிருக்கிறா. அதை வாசிச்சபடியாத்தான் எனக்கு விட முடியேல்லை. சித்தி, ரெண்டாவது புத்தகத்திலை முதல் வேலையா அதை அவிழ்த்துவிடுங்கோ. பிளீஸ்."

சித்தி இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பொத்தியபடி இருந்தார்.

"ஐயோ, பப்படம்" என்றார் மெல்ல. "அந்த நாயை நான் மறந்தே போனன்."

மகேஸ்வரன் அங்கிள் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "மெய்தான். கட்டின நாய் கட்டினபடி நிக்குது."

"நான் சொன்னனே, உந்த ஓட்டம் கூடாதெண்டு" என்றார் தவமலர் அன்ரி.

"ஓட்டத்திலை பிழையில்லை. நாயையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம்" என்றார் அங்கிள்.

"கோப்பிக்கடை ஆக்கள் உள்ளுக்கை எடுத்திருப்பினம்" என்றான் றொய்சன் அண்ணா. "அந்தக் குளிருக்கை சும்மா பாத்துக்கொண்டு நிப்பினமே?"

"எடுத்தா எழுத வேணும். எழுதாட்டி எடுக்கேல்லை" என்றார் அன்ரி கண்டிப்பாக.

புனிதவதி ரீச்சர் மட்டும் குனிந்து மூன்றாம் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "இந்த நாயின்ரை காதை நான் கவனிக்கவே இல்லை, நதீஷா. நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்."

கூட்டம் முடியும்வரை நாவல் நல்லதா இல்லையா என்று முடிவாகவில்லை. அங்கிளும் அன்ரியும் வடை முடிந்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தி அதைப் பெரிதாகக் கவனிக்கவும் இல்லை. பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். எழுதத் தாளைத் தேடினார்.

"அட்சயா, உன்ரை பேச்சுத் தாளை எடுக்கட்டோ?"

"எடுங்கோ சித்தி. பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

பனி எல்லாம் உருகிய பிறகு ஒருநாள், அம்மாவின் போனுக்குச் சித்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டாவது நாவலின் முதல் பக்கம். "முதலில் அட்சயா வாசிக்க வேணும்" என்று கீழே எழுதியிருந்தது.

அட்சயா சோபாவில் சாய்ந்துகொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

'லவன் மூச்சு வாங்க ஓடினார். இந்தமுறை அவர் யாரையும் துரத்தவில்லை. கோப்பிக்கடைக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே, சூடான மூலையில், யாருடையதோ சிவப்புச் சால்வையைப் போர்த்துக்கொண்டு பப்படம் படுத்திருந்தது. லவனைக் கண்டதும் அது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.'

"நல்லா வேணும்" என்று லவனுக்குச் சொல்லிவிட்டு, அட்சயா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.