அரம் தின்ற பெயர்

காலிக் குடுவைக்குள் தண்ணீர் தளும்பியது. கடைக்காரர் மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. கம்பளி உறையிலிருந்து ஈரமண் வாடை மட்டும் எழுந்தது.

பழைய பட்டாளத்துப் பொருள்களை வாங்கி விற்பது அவர் தொழில். தண்ணீர்க் குடுவையைக் கையில் எடுத்ததுமே வயதைச் சொல்லிவிடுவார். தக்கை அடைப்பான் என்றால் முந்தைய போர். சங்கிலியில் தொங்கும் திருகுமூடி என்றால் பிந்தையது. சந்தேகம் வந்தால் உறையைக் கழற்றி, தகரத்தில் குத்தியிருக்கும் ஆண்டைத் தேடுவார். காலையில் இந்தக் குடுவையைக் கொண்டுவந்த பெண்ணுக்கு ஆண்டு முக்கியமில்லை. அவளுடைய அண்ணன் பிந்தைய போரிலிருந்து திரும்பவில்லை, உடலும் வரவில்லை. பழைய சாமான் கடையில் கிடைத்த இது அவனுடையதா என்று மட்டும் தெரிய வேண்டும்.

உறையின் துருவேறிய பொத்தான்களை உள்ளறையில் வைத்துக் கழற்றினார். உறைக்கு அடியில், ஆணியால் கீறிய கோணல் எழுத்தில், அவள் சொன்ன அண்ணன் பெயரே இருந்தது. பொத்தான்களை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இல்லம்மா. இது அதுக்கு முந்தின போரோடது. உங்க அண்ணன் அப்பப் பொறந்தே இருக்க மாட்டாரு."

"அப்ப நீங்களே வச்சுக்குங்கண்ணே," என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "கையில வச்சுக்க அவனோடது ஒண்ணுகூட இல்ல. அதான் கேட்டேன்."

சேகரிப்பவர்கள் பெயர் கீறாத குடுவையைத்தான் தேடி வருவார்கள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அரத்தை எடுத்துவிட்டார். அலமாரியில் இருந்த அத்தனை குடுவைகளிலும் அப்படித்தான் பெயர்களை ராவியிருந்தார். மனைவி முகம் சுளித்தால், "செத்தவன் வந்து கேட்டா எழுதிக் குடுத்துடறேன்," என்று சிரிப்பார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. நாக்கில் உலோகத் தூள் நறநறத்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்; அது தொண்டையைத் தொடும் முன்பே வறண்டது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூரையில் விழும் தூறலுக்கு அடியில், அதைவிட மெல்லியதாக, பொறுமையாக, தகரத்தில் ஆணி கீறும் ஓசை கேட்டது.

அலமாரியிலிருந்து.

ஒரு உறையை உருவினார். ராவி வழவழப்பாக்கிய இடத்தில் எழுத்துகள் புடைத்திருந்தன. உள்ளிருந்து கீறியதுபோல. அடுத்ததை உருவினார். அதிலும் ஒரு பெயர். அதற்கடுத்ததிலும்.

மனைவியைக் கூப்பிட்டார். குரல் வறண்டு வந்தது. பின்கட்டிலிருந்து அவள் வந்தாள். அவரைப் பார்த்தாள். நடு வழியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் எங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தார். அவள் அவரைத் தாண்டிக் கடைக்குள் கணவனைத் தேடினாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் அவள் மட்டும் இருந்தாள். பக்கத்தில் அரம் பட்ட தகரம்போல ஒரு பளபளப்பு.

தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். நினைவில் இல்லை. தொண்டைக்குள் ஏதோ முன்னும் பின்னும் ராவியது. உதட்டிலிருந்து சாம்பல் நிறத் தூள் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

அலமாரியில் மூடிகள் ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தன. எல்லாக் குடுவைகளும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.