சித்ரலேகாவுக்கு ஒரு குப்பி

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் ரிசீவரை எடுத்தார். காலை மணி பத்தேகால். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"சார்... சுந்தர்ராமன் பேசறேன். காலேஜ் லேப்லேர்ந்து."

"சொல்லுங்க டாக்டர். டெல்லிக்காரங்க வந்துட்டாவளா?"

"பதினோரு மணிக்குத்தான் வரா. அது இல்லே சார்... ஃப்ரிட்ஜிலே இருந்த குப்பியைக் காணோம்!"

"எந்தக் குப்பி?"

"உங்க பொண்ணோட குப்பி!"

ரிசீவர் மேஜையில் விழுந்தது...

ஜீப் டவுன் பஸ்களை ஒதுக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குள் பறந்தது.

சித்ரலேகா அவருடைய ஒரே மகள். பதினேழு வயது. பஸ் விபத்தில் காலில் காயம். காயத்தில் புகுந்த கிருமி எந்த ஊசிக்கும் மசியவில்லை. நாளைக்குள் குறையாவிட்டால் முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சுந்தர்ராமன்.

கிருமியைத் தின்னும் கிருமியைத் தேடி, தாமிரபரணியில் சாக்கடை கலக்கும் இடமாகப் பார்த்துப் பாட்டிலோடு அலைந்த கல்லிடைக்குறிச்சிக்காரர். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அறுபத்து மூன்று பாட்டிலில் ஒன்று, கண்ணாடித் தட்டில், சித்ரலேகாவின் கிருமியைச் சுத்தமாகத் தின்று தீர்த்தது!

ஆனால் அதை மனுஷ உடம்பில் செலுத்த டெல்லி சம்மதிக்க வேண்டும். ஜெயிக்குமா தோற்குமா என்றே தெரியாத மருத்துவ ஆராய்ச்சிகளுக்கென்று அரசாங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. நிதிக்கும் அனுமதிக்கும் ஒரே கையெழுத்து. அதைப் போடத்தான் இன்றைக்குக் கமிட்டி வருகிறது.

லேபில் சுந்தர்ராமன் காலி ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லே."

"சாவி யார்ட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. அட்டெண்டர் பிரம்மநாயகிகிட்ட ஒண்ணு."

"நேத்து நீங்க எங்க போனிய?"

"கமிட்டிக்கு ரூம் பார்க்க ஜங்ஷன் போனேன் சார். திரும்பி வரச்சே லேப் பூட்டியாச்சு."

"ஒங்க மேல யாருக்காவது காட்டம் உண்டா?"

"மாடியிலே இருக்கற புரொபசர்கள் எல்லாருக்கும்தான்! சாக்கடைத் தண்ணிக்கு டெல்லி பணம் தரப்போறதேன்னு..."

"இன்னொரு குப்பியில எடுத்து வைக்கலியா?"

"வெச்சிருந்தேனே!"

"எங்கன?"

"அதே ஃப்ரிட்ஜிலே..."

படித்தவனை அறையக்கூடாது என்று ஆவுடைநாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"திரும்பச் செய்ய எத்தன நாளாவும்?"

"மூணு வாரம். அதுவும் கிடைச்சா..."

மூன்று வாரம்! மகளுக்கு இருப்பதோ ஒரு நாள்.

"பிரம்மநாயகி!"

அவள் வந்தாள். ஐம்பது வயது. புதுச்சேலை. கையில் டெல்லிக்காரர்களுக்குத் தெளிக்கப் பன்னீர்ச் செம்பு. முகமெல்லாம் சிரிப்பு.

"ஃப்ரிட்ஜுல இருந்த குப்பி எங்க?"

"ரெண்டையும் கழுவி வெயில்ல கவுத்திருக்கேன்யா."

"உள்ள இருந்தது?"

"அந்தக் கலங்கல் தண்ணியா? ஒரே நாத்தம்யா. தொட்டியில ஊத்திட்டு, பினாயில் விட்டுத் தேச்சேன்."

"தொட்டித் தண்ணி எங்க போவும்?"

"வாய்க்கா வழியா ஆத்துக்குத்தான் போவும்."

சுந்தர்ராமன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆவுடைநாயகம் வெடித்தார்.

"யாரக் கேட்டு ஊத்துன? எவன் சொன்னான்? பேரச் சொல்லு! அவன் கையில விலங்கு மாட்டாம இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்!"

அவள் சிரிப்பு செத்தது.

"வேண்டாம்யா..."

"சொல்லுதியா, இல்லியா?"

"நீங்கதானய்யா!"



"நேத்து மத்தியானம் ரெண்டு போலீசையும் ஒரு மூடை பிளீச்சிங் பவுடரையும் அனுப்பிச்சியள்லா? இன்ஸ்பெக்டரய்யா மவ காலு இதுலதான் இருக்கு, டெல்லிக்காரவ கண்ணுல ஒரு பொட்டு அழுக்கு படக்கூடாது, ஃப்ரிட்ஜக்கூட விடாதன்னு சொல்லி நின்னு பாத்துட்டுத்தான போனாவ! அந்தப் புள்ளைக்காவத்தான்யா கையி வெந்துபோற அளவுக்குத் தேச்சேன்..."

அனுப்பியிருந்தார்! எஸ்.பி. ஆய்வுக்கு வருகிறார் என்றால் ஸ்டேஷனுக்கு என்ன செய்வாரோ, அதையேதான் செய்திருந்தார். ஃபைலைப் பார்க்காவிட்டாலும் சுவரைப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

ஆயிரம் பேருக்கு விலங்கு மாட்டிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்ற மகளின் காலைத் தானே வாய்க்காலில் ஊற்றிவிட்ட அப்பன் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பான்?

வாசலில் அம்பாஸிடர் வந்து நின்றது.

கமிட்டித் தலைவி டாக்டர் விஜயஸ்ரீ, டெல்லியிலேயே செட்டிலாகிவிட்ட தமிழ்ப் பெண்மணி. ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். புருவம் உயர்ந்தது.

"டெல்லிலகூட இப்படி ஒரு லேப் பார்த்ததில்ல! சாக்கடைத் தண்ணின்னதும் பயந்துட்டேன். இந்த சுத்தத்தைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துடுச்சு."

சுந்தர்ராமன் வாய் திறந்தார். அதற்குள் பேனா ஓடி முடிந்திருந்தது.

"நிதி, அனுமதி ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே ஆரம்பிங்க. எங்கே அந்த மருந்து?"



ஆவுடைநாயகம் தொப்பியைக் கழற்றினார். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"அது நேத்து மத்தியானமே ஆத்தோட கெளம்பிருச்சும்மா... இந்நேரம் ஸ்ரீவைகுண்டம் தாண்டியிருக்கும்!"