கட்டம் இல்லாத பதில்

"ஏம்மா, அந்த மீன் டப்பாவைக் கொஞ்சம் கீழே வைங்க. என் பேப்பரெல்லாம் நனையுது."

அவள் திரும்பினாள்.

தர்மராஜ் அந்தக் கண்களை முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். பெரிய கண்கள். இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அழகு என்று சொல்லியிருப்பான்... அவை அவனை முறைக்காமல் இருந்திருந்தால்.

"மீனா? மோந்து பாத்தீங்களா சார்?"

"நீலப் பெட்டி, உள்ளே ஐஸ். வேற என்ன இருக்கும்?"

"இந்த பஸ்ஸு எங்க போவுது?"

"மாமல்லபுரம்."

"செங்கல்பட்டுலேருந்து கடலுக்கு யாராச்சும் மீனு எடுத்துகினு போவாங்களா?"

பஸ் சிரித்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார்.

"இது கொழந்தைங்களுக்குத் தடுப்பூசி மருந்து. ஒங்க காயிதம் நனஞ்சா காயப்போட்டா சரியாப் பூடும். என் மருந்து சூடாச்சுனா குப்பைக்குதான். இப்ப சொல்லுங்க, யாரு எத கீழ வைக்கணும்?"

தர்மராஜ் கேள்வித்தாள் கட்டைக் கீழே வைத்தான். நீலப் பெட்டி அவன் மடிக்கு வந்தது. திருக்கழுக்குன்றம் வரை முழங்கால் சில்லிட்டது.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. சுகாதாரத் துறை அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது. டாக்டர் இருக்கிறார், கட்டில் இருக்கிறது, எல்லாம் இலவசம். ஆனாலும் முதல் பிரசவத்துக்குப் பெண்கள் ஏன் அரசு சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை? டாக்டரைக் கேட்டால் நர்ஸ் என்றார். நர்ஸைக் கேட்டால் ரோடு என்றார்கள். ரோடு போடுகிறவர்களைக் கேட்டால் நிதி என்றார்கள். எட்டு வருடமாக அந்தக் கேள்வி மேசை மேசையாகப் போய்வந்து, கடைசியில் தர்மராஜின் மேசையில் உட்கார்ந்தது.

ஆறு மாதம் திட்டம் போட்டான். அதில் அவன் கெட்டிக்காரன். மூன்று வருடத்துக்கு முன் மனைவி இறந்த பிறகு இன்னும் கெட்டிக்காரன் ஆகியிருந்தான். ஆறு பத்துக்கு ரயில், ஒரு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. திட்டம் இருந்தால் யோசிக்க வேண்டாம். யோசிக்காவிட்டால் வலிக்காது.

முதல் சுற்றுக்கு நான்கு ஊர்கள். புதிதாக மணமானவர்கள், முதல்முறை கர்ப்பமானவர்கள் என்று ஐம்பத்திரண்டு பெண்கள். பெயர்கள் அந்த நான்கு ஊருக்கும் பொறுப்பான கிராமச் செவிலியரின் பதிவேட்டிலிருந்து. மறுநாள் காலை அதை வாங்கிப் பார்க்க அவருடைய துணை சுகாதார நிலையத்துக்குப் போனான்.

"வாங்க, மீன் சார்."

அதே கண்கள். இன்று வெள்ளைச் சேலை. அவள் பெயர் அம்சா. பக்கத்து ஊர் விவசாயி முனிசாமியின் மகள். ஆறு வருடமாக இங்கே நர்ஸ்.

"என் பேர் தர்மராஜ், சிஸ்டர்."

"தெரியும் சார். ஆனா பஸ்ல வந்தவங்க ஊரெல்லாம் சொல்லிட்டாங்களே... நான் இன்னா பண்ண?"

பதிவேட்டைப் புரட்டினான். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எடை, ரத்த அழுத்தம், பார்த்த தேதி. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்... 'இரும்புச்சத்து மாத்திரை போட மாட்டேங்குது, திட்டணும்.' 'மாமியாரத் திட்டணும்.'

"இவ்வளவு பேரையும் திட்டுவீங்களா?"

"ஒங்களையும் சேத்துக்கட்டுமா?"

மூன்று நாள் அந்த அறையில் உட்கார்ந்து பெயர்களை எழுதினான். ஒரு நாளில் முடிகிற வேலை. வெளியே சாயங்காலம் சாயங்காலம் மழை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் 'சிஸ்டர்' என்ற வார்த்தை ஏனோ வாயில் வரவில்லை.

"வந்து..."

"வந்துட்டுதான கீறீங்க. சொல்லுங்க."

"டீ நல்லா இருக்கு."

"அது சுக்குத் தண்ணி சார்."

அன்று மாமல்லபுரத்தில் தான் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பியபோது வராந்தாவில் மேரி காத்திருந்தாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவளும் இன்னும் இரண்டு பெண்களும்தான்.

"சார், ஒரு சந்தேகம். ஆள் இருந்தா முதல் கட்டத்துல டிக். கதவு பூட்டியிருந்தா ரெண்டு. ஊர்லயே இல்லாத ஆள்னா மூணு, 'இங்கே வசிக்கவில்லை'. நிறையப் பேர் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்களாம். அதுக்கு எந்தக் கட்டம்?"

தர்மராஜ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு டீ என்றவனைப் பார்த்து அவள் எப்படிச் சிரித்தாள்...

"சார்?"

"மூணு கட்டந்தானே இருக்கு? மூணுலயே போடுங்க."

ஐந்தாம் நாள் கூட்டிப் பார்த்தான். ஐம்பத்திரண்டு பேரில் பார்த்தது பதினைந்து. மீதி முப்பத்தேழு பேருக்கும் மூன்றாம் கட்டம்.

நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்தான். முத்து முத்தான கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவளையே போய்க் கேட்டுவிடலாம்... எழுந்தான். உட்கார்ந்தான். ஏன் கேட்க வேண்டும்? வேறு நர்ஸாக இருந்தால் கேட்பானா? பிடித்த ஆளுக்குச் சலுகை காட்டுகிறோமா? பிடித்த ஆளா? யார் சொன்னது?

தன்மேல் வந்த கோபத்தில் ஒரே வரி எழுதினான். 'பதிவேட்டில் உள்ள முப்பத்தேழு பெண்கள் அந்த ஊர்களில் வசிக்கவில்லை.' கையெழுத்துப் போட்டு, செங்கல்பட்டில் இருந்த சுகாதாரத் துறை மேலதிகாரிக்கு அனுப்பினான்.

அதை அனுப்பிய நான்காம் நாள் லாட்ஜ் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அம்சா இறங்கவில்லை. நனைந்த காகிதம் ஒன்றை நீட்டினாள். மெமோ. இல்லாத பெண்களின் பெயரை எழுதிப் பொய்ப் பதிவு செய்ததற்காக ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது? ஏழு நாளில் விளக்கம். கீழே இணைப்பாக அவனுடைய அந்த ஒரு வரி.

"ஏறுங்க."

"சிஸ்டர், நான்..."

"ஏறுங்க சார்!"

ஏறினான். மொபெட் முனகியது. மழைத் தூறலில் வயல்வெளி பச்சைப் பசேல் என்று கிடந்தது. அவள் பின்னலிலிருந்து அவன் மூக்குக் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். துடைக்கப் பயந்து பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டான்.

எட்டாவது கிலோமீட்டரில் ஒரு வீடு. முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண், நிறைமாத வயிற்றோடு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"பேரு சொல்லும்மா," என்றாள் அம்சா.

"வைஷாலி."

தர்மராஜ் பட்டியலைப் பார்த்தான். ஏழாவது பெயர். மூன்றாம் கட்டம்.

"நீதான் மீன் சாரா? நான் வசிக்கலன்னு எழுதினியாமே," என்றாள் வைஷாலி. "அப்ப இந்த மாங்காய யாரு துன்றது?"

அடுத்த ஊரில் ஒரே தெருவில் நான்கு பேர். புதுத்தாலி மின்னிய கழுத்துகள். நால்வரும் சுற்றி நின்று அவனைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "எங்கள தொட்டுப் பாக்கணுமா சார்?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஏன் அம்மா வீட்டுக்கு...?" என்றான் அவன்.

அம்சா மொபெட்டை நிறுத்தினாள்.

"இது இன்னா மாசம் சார்?"

"ஆகஸ்ட்."

"தமிழ்ல."

தூரத்தில் ஏதோ ஓர் அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராக வேப்பிலை கட்டியிருந்தது. பத்து நாளாக அவன் அதன் கீழேதான் நடந்திருக்கிறான்.

"ஆடி," என்றான் மெதுவாக.

"ஆடியில புதுப்பொண்ண புருசன் வூட்ல வெச்சிருப்பாங்களா? ஏழாம் மாசம் வளையல் போட்டா அம்மா வூட்டுக்கு இட்டுகினு போவாங்களா, மாட்டாங்களா? சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும் சார். கல்யாணம் ஆவலியா ஒங்களுக்கு?"

"ஆச்சு."

"அப்ப ஆடிக்கு மாமியார் வூட்லேருந்து வந்து இட்டுகினு போவலியா?"

"போனாங்க. ஒரு ஆடி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அடுத்த ஆடிக்கு அவ இல்ல. அப்புறம்... வீட்ல மாசம் சொல்ல யாரும் இல்ல."

அம்சா மொபெட்டை மிதித்துக் கிளப்பினாள். இந்த முறை மெதுவாக ஓட்டினாள்.

இரண்டு நாளில் முப்பத்தேழு பேரையும் பார்த்தார்கள். ஒரு பெயர்கூடப் பொய்யில்லை. கடைசி வீட்டில் அம்சா தன் பையிலிருந்து ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டரை எடுத்தாள். பெண்கள் போகிற ஊர் நர்ஸுகளுக்கு அவள் எழுதுபவை. 'இந்தப் பெண் உங்கள் ஊருக்கு வருகிறாள், ரத்தம் குறைவு, கவனியுங்கள்.'

"ஏழு மாசம் பாத்தது நான். பிரசவம் நடக்கறது அம்மா ஊர்ல. அந்த நர்ஸுக்கு இவ யாருன்னே தெரியாது. இவளுக்கும் அந்த ஆஸ்பத்திரி தெரியாது. அதான் வூட்லயே பெத்துக்குது. யாரும் எழுதச் சொல்லல சார், நானா எழுதறேன். இதான் ஒங்க கேள்விக்குப் பதிலு."

எட்டு வருடக் கேள்வி. பதில் ஓர் இன்லேண்ட் லெட்டரில் இருந்தது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"ஆடி தெரியலன்னு கோவமில்ல சார்," என்றாள் அவள். "மூணு நாளு எதிர்ல ஒக்காந்துகினு இருந்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள்.

செங்கல்பட்டில் கூட்டம். அதிகாரிகள், டாக்டர்கள், பின்வரிசையில் நர்ஸுகள். தர்மராஜின் நிறுவன இயக்குநர் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: 'தகவலில் சிறு முரண்' என்று சொல்லி முடித்துவிடு, நிறுவனத்தின் பேர் கெடக் கூடாது.

தர்மராஜ் எழுந்தான்.

"பதிவேட்டில் தவறில்லை. தவறு என்னுடையது. அம்மா வீட்டுக்குப் போனவர்களுக்கு நான் கட்டம் வைக்கவில்லை. உதவியாளர் கேட்டபோதும் கவனிக்கவில்லை. ஆய்வை ஆடியில் வைத்தேன்."

மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆடியிலயா? புதுப்பொண்ணுங்களத் தேடி? ஏன் சார், உங்க வீட்ல காலண்டர் இல்லையா?"

அறை முழுதும் சிரித்தது. டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்று சிரித்தார். தர்மராஜின் காது எரிந்தது. அப்படியே நின்று, இன்லேண்ட் லெட்டரைப் பற்றிச் சொன்னான். யார் எழுதியது என்று பெயர் சொன்னான். சிரிப்பு மெல்ல அடங்கியது. மெமோ ரத்தானது. எல்லா நர்ஸுகளுக்கும் அப்படி ஒரு கடிதம் அச்சடித்துக் கொடுக்க முடிவாயிற்று.

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். பஸ் போய்விட்டிருந்தது.

புதன்கிழமை குப்பத்தில் தடுப்பூசி நாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, வலை பின்னும் கொட்டகையில் இருபது குழந்தைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. மணலில் ஷூ புதையப் புதைய தர்மராஜ் வந்து சேர்ந்தான்.

"இன்னா மீன் சாரு," என்றாள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா. மீன் விற்கிறவள். "ஒனக்கும் ஊசியா? வரிசையில நில்லு."

நின்றான். முன்னால் ஒன்பது குழந்தைகள். ஒவ்வொன்றாக அலறியது. அவன் முறை வந்தது.

அம்சா நிமிரவில்லை. "கொழந்த எங்க?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே கேட்டிருக்க வேண்டியது... கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஏன் சிரிக்கல?"

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

"ஒங்க வூட்ல மாசம் சொல்ல ஆளில்லன்னு அந்த ரூம்ல எனக்கு மட்டுந்தான தெரியும். நான் எப்படி சார் சிரிப்பேன்?"

கடல் சத்தம் கேட்டது. அவன் இன்னும் ஓரடி முன்னால் வந்தான்.

"மூணு வருஷமா எனக்கு எதுவுமே உறைக்கல. அன்னிக்கு வெட்கமா இருந்துச்சு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல நீங்க இல்ல... வலிச்சுது."

"வலிச்சுதா? எங்க?" நர்ஸ் குரலில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு முகம் சிவந்தது.

அவன் ஏதோ சொன்னான். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

"இன்னா?"

மறுபடி சொன்னான். குழந்தை இன்னும் உரக்க.

"கேக்கல சார், சத்தமா!"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்!"

அந்த நொடியில்தான் குழந்தைக்குப் பால் கிடைத்தது. கொட்டகை முழுதும் நிசப்தம். இருபது தாய்மார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த நான்கு ஆண்கள். எல்லாரும் அம்சாவைப் பார்த்தார்கள்.

"பதில் சொல்லு நர்சம்மா," என்றாள் கன்னியம்மா. "எனக்கு ஏவாரத்துக்கு நேரமாவுது."

அம்சா பெட்டியைத் திறந்தாள். மூடினாள்.

"மெமோ வந்தப்ப நான் அழுவல," என்றாள் மணலைப் பார்த்து. "எத்தினி மெமோ பாத்துகீறேன்... கீழ ஒங்க கையெழுத்தப் பாத்தேன் பாருங்க, அப்பதான் அழுதேன். வேற யாராச்சும் எழுதியிருந்தா நாலு வரி வெளக்கம் எழுதிட்டுப் போயிருப்பேன். ஒங்கள எட்டு கிலோமீட்டரு மழையில வண்டியில வெச்சி..." நிறுத்தினாள். "புரியுதா சார்? இல்ல இதுக்கும் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணணுமா?"

"புரியுது," என்றான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு, வழி மறந்த விருந்தாளி மாதிரி, தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தது.

கொட்டகையே கைதட்டியது. தட்டின சத்தத்தில் பயந்து இருபது குழந்தைகளும் மறுபடி கத்த ஆரம்பித்தன. அடுத்த தாய் குழந்தையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அம்சா ஊசியை எடுத்தாள். ஆறு வருடத்தில் ஆயிரம் கைகளைப் பிடித்தவள்.

"ஒரு நிமிசம் இரும்மா..." என்றாள். "கை நடுங்குது."